காடியை இறக்கிய பிறகு இழுக்கிறது, டயர் உள்பக்கம் தேய்கிறது: எலைன்மெண்ட் ரிப்போர்ட் மட்டும் பச்சை

செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடையது மூன்றாம் தலைமுறை பெரோடுவா மைவி 1.5. நான்கு பக்கமும் 40 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்போர்ட் ஸ்பிரிங் போட்டிருக்கிறார். அப்சோர்பர் கம்பெனியில் வந்ததே. இரண்டு கடைகளில் எலைன்மெண்ட் பார்த்தாகிவிட்டது, ரிப்போர்ட்டில் முன்பக்கம் முழுக்கப் பச்சை. ஆனாலும் காடி இடப்பக்கம் இழுக்கிறது. கராக் சாலை வளைவில் சின்ன மேடு வந்தாலே ஸ்டீயரிங் கையைப் பிடுங்குகிறது. முன் டயர்கள் இரண்டிலும் உள்ஓரத்தில் கம்பி எட்டிப் பார்க்கிறது. எலைன்மெண்ட் கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, ஸ்பிரிங் மட்டமா, பேசாமல் ஹைலோ (உயரத்தைத் திருகி மாற்றுகிற சஸ்பென்ஷன்) வாங்கிவிடலாமா என்பது அவர் கேள்வி.

முதலில் டயர். கம்பி தெரிகிற டயரோடு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள், தம்பி. வெளியே நின்று பார்த்தால் கோடுகள் நன்றாகத்தான் தெரியும், தேய்ந்த ஓரம் உள்ளே மறைந்திருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு நம் ஊரில் கொட்டுகிற மழையில் எம்.ஆர்.ஆர். 2 நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கும்போது, அந்த ஓரத்துக்குத் தண்ணீரை வெளியே தள்ள வழியே இல்லை. காடி மிதக்கும். புது டயர் வாங்கக் காசு சேரும்வரை ஸ்டாக் ஸ்பிரிங்கையும் (கம்பெனியில் வந்த பழைய ஸ்பிரிங்), கோடு மிச்சமிருக்கிற வேறு பழைய டயரையும் போட்டு ஓட்டினாலும் தப்பில்லை.

அந்த டயரைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கம்பி இருக்கிற ஓரத்தைத் தொடாமல், நடுப்பகுதியில் உள்ளங்கையை வைத்து உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தடவுங்கள். பிறகு வெளியிலிருந்து உள்ளே. வெளியே போகும்போது வழவழப்பாகவும், உள்ளே வரும்போது ரம்பப் பல்லைத் தொட்டதுபோல் சொரசொரப்பாகவும் இருந்தால் அது டோ-அவுட். அதாவது இரண்டு முன் சக்கரங்களும் மூக்கை வெளிப்பக்கம் திருப்பியபடி ஓடியிருக்கின்றன. எந்தப் பக்கம் தடவினாலும் ஒரே மாதிரி இருந்து, உள்ஓரம் மட்டும் சரிவாகக் குறைந்திருந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு. சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ் (மைனஸ்), வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ். இறக்கிய காடிகளில் உள்ஓரம் போனதும் எல்லோரும் கேம்பரைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் டயரைத் தின்பது டோ. கேம்பர் மைனஸ் ஒன்றரை டிகிரி இருந்தாலும் டோ ஒழுங்காக இருந்தால் டயர் நியாயமான காலம் உழைக்கும். டோ தப்பாக இருந்தால் கேம்பர் பூஜ்யமாக இருந்தும் பயனில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஒவ்வொரு முன் சக்கரமும் அரை டிகிரி வெளியே திரும்பியிருக்கிறது என்று வையுங்கள். உங்கள் 185/55 ஆர்15 டயரின் முழு விட்டத்தில் அளந்தால் அது வெறும் 5 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய 8.7 மீட்டர் தூரத்துக்குப் பக்கவாட்டில் இழுபட்டாக வேண்டும். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சுமார் 350 கிலோமீட்டர். ஒரு வழிப் பயணத்திலேயே கணக்குப்படி 3 கிலோமீட்டர் தேய்ப்பு. அந்தத் தேய்ப்பு, கேம்பரால் எடை அதிகம் தாங்குகிற உள்ஓரத்தின் மேலேயே விழுகிறது.

ரிப்போர்ட் பச்சையாக இருக்கும்போது டோ-அவுட் எங்கிருந்து வந்தது? எலைன்மெண்ட் மெஷின் நிற்கிற காடியை அளக்கிறது. நீங்கள் ஓட்டுவது ஓடுகிற காடியை. உங்கள் விஷயம் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. காடி அசையாமல் நிற்கிற அந்த ஒரு உயரத்தில் அவர் டோவைச் சரியாகவே வைத்திருப்பார்.

மைவியின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒரே தூணாக நிற்கிற வகை. சக்கரத்தைக் கீழே பிடித்திருப்பது லோவர் ஆர்ம்; திருப்புவது டை ராட். சக்கரம் மேலும் கீழும் போகும்போது இரண்டும் தத்தம் வட்டத்தில் சுழல்கின்றன. ஸ்டாக் உயரத்தில் இந்த இரண்டு வட்டங்களும் ஏறக்குறைய ஒத்துப்போகும்படி கம்பெனி வைத்திருக்கிறது. அதனால் மேட்டில் ஏறினாலும் சக்கரத்தின் திசை மாறுவதில்லை. காடியை 40 மில்லிமீட்டர் இறக்கினால் இரண்டும் வட்டத்தின் வேறொரு பகுதிக்குப் போய்விடுகின்றன. அங்கே சக்கரம் கொஞ்சம் மேலே போனாலும் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் உள்ளே இழுக்கும். வித்தியாசம் நேராகச் சக்கரத்தைத் திருப்பிவிடும். இதைத்தான் பம்ப் ஸ்டீயர் என்கிறார்கள். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அமுங்கியிருக்கிற நேரத்தில் ஒரு மேடும் வந்தால் நீங்கள் திருப்பாமலே காடி திரும்பும். கராக்கில் உங்கள் கையைப் பிடுங்குவது இதுதான்.

உங்கள் காடியில் இது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. எந்த எலைன்மெண்ட் கடையிலும் செய்யலாம், அஞ்சு நிமிஷ வேலை. மெஷின் சக்கரத்தில் மாட்டியிருக்கும்போதே, ஸ்டீயரிங்கை லாக் கம்பியால் அசையாமல் பிடித்துவிட்டு, கனமான இரண்டு பேரை முன்பக்கத்தில் அழுத்தச் சொல்லுங்கள். பானெட் தகட்டின் நடுவில் அழுத்தினால் நெளிந்துவிடும். முன் பெண்டருக்கு மேலே ஓரமாக, அல்லது பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்கு மேலுள்ள இரும்பில் அழுத்தட்டும். காடி இரண்டு விரல் கடை அமுங்கும்போது திரையில் டோ எண்ணைப் பாருங்கள். நிற்கும்போது காட்டிய 0.05 டிகிரியிலேயே நின்றால் உங்கள் டை ராட் பரவாயில்லை. 0.05 இருந்தது மைனஸ் 0.30-க்கு, அதாவது டோ-அவுட்டுக்கு, ஓடினால், நிற்கும்போது எத்தனை தடவை பச்சையாக்கினாலும் ஓட்டத்தில் அது சிவப்புதான். சில கடைகளில் "அதெல்லாம் வேண்டாம் பாஸ்" என்பார்கள். கேட்டுச் செய்யுங்கள், காசு கொடுப்பது நீங்கள்.

அடுத்து காடியின் முன்னால் குனிந்து லோவர் ஆர்மைப் பாருங்கள். சட்டத்தோடு சேர்கிற உள்முனை ஒன்று, சக்கரப் பக்கம் பால் ஜாயின்ட் இன்னொன்று. ஸ்டாக்கில் ஆர்ம் சக்கரத்தை நோக்கிக் கீழே சரிந்திருக்கும். கொஞ்சம் இறக்கினால் படுக்கையாகும். பால் ஜாயின்ட் உள்முனையைவிட மேலே போய், ஆர்ம் சக்கரத்தை நோக்கி ஏறியிருந்தால் அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த நிலையில் இரண்டு கெடுதல். ஒன்று, வளைவில் காடி சாயும்போது ஸ்ட்ரட் வகைக்குக் கிடைக்க வேண்டிய நெகட்டிவ் கேம்பர் கூடாமல் குறைய ஆரம்பிக்கும்; டயர் வெளிஓரத்தில் ஏறி நிற்கும். இரண்டாவது, ரோல் சென்டர். காடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதற்குத்தான் இந்தப் பெயர். காடியை 40 மில்லிமீட்டர் இறக்கினால் எடையின் நடுப்புள்ளியும் அவ்வளவே இறங்கும், ஆனால் மெக்பர்சன் ஸ்ட்ரட்டில் ரோல் சென்டர் அதைவிட அதிகம் இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரம் கூடினால் சாய்க்கிற நெம்பு கூடுகிறது. ஸ்பிரிங் கடினமானதால் கிடைத்த லாபத்தை இது தின்றுவிடும். "இறக்கினால் காடி ஒட்டி ஓடும்" என்று நண்பர்கள் சொல்வது ஒரு அளவுவரை உண்மை. அந்த அளவு தாண்டினால் ஸ்டாக் காடியைவிட மோசம். ரோட்டில் ஓடுகிற ஸ்ட்ரட் காடிக்கு 20, மிஞ்சினால் 25 மில்லிமீட்டர் போதும் என்பது என் உறுதியான கருத்து. பழைய ஹோண்டா சிவிக் ஈஜி, ஈகே போன்ற, மேலும் கீழும் இரண்டு ஆர்ம் உள்ள டபுள் விஷ்போன் காடிகளின் கணக்கு வேறு. அந்த நண்பர்கள் சொல்வதை அப்படியே மைவிக்குப் பொருத்தாதீர்கள்.

இனி அப்சோர்பர். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் ஸ்பிரிங் விற்கிற இடத்தில் இதை யாரும் சொல்வதில்லை. ஸ்டாக் அப்சோர்பரின் தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்று ஒரு அளவு இருக்கிறது. 40 மில்லிமீட்டர் இறக்கியபோது அந்தத் தூரத்திலிருந்து அதே அளவை நிற்கும்போதே செலவழித்துவிட்டீர்கள். மிச்சம் கொஞ்சம்தான். அது முடிந்ததும் பம்ப் ஸ்டாப் ரப்பர் இடிக்கும். இடித்த நொடியில் ஸ்பிரிங்கின் கடினம் பல மடங்கு கூடும். வளைவின் நடுவில் முன்பக்கம் இடித்தால் முன் டயர் பிடி விடும், பின்பக்கம் இடித்தால் வால் வீசும். தீபாவளிக்கு அப்பா அம்மாவையும் பின்னால் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றி, பூட் நிறைய பலகாரத்தோடு ஈப்போ போகும்போது பின்பக்கம் ஏறக்குறைய பம்ப் ஸ்டாப் மேலேயே உட்கார்ந்து ஓடும்.

பார்ப்பது சுலபம். அப்சோர்பரின் தூசு ரப்பரை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கிற தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையை இறுக்கமாகக் கட்டிக் கீழே தள்ளி வைத்துவிடுங்கள். வழக்கமாகப் போகிற பாதையில், தாமானுக்குள் இருக்கிற பொங்கோல் (வேகத்தடை மேடு) எல்லாம் ஏறி இறங்கி ஒரு வாரம் ஓட்டுங்கள். பிறகு கேபிள் டை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டி நசுங்கியிருந்தால், உங்கள் சஸ்பென்ஷன் தினமும் ரப்பரில்தான் வேலை செய்கிறது. பம்ப் ஸ்டாப்பை வெட்டிக் குட்டையாக்கலாமே என்பார்கள். ஸ்டாக் அப்சோர்பரோடு அதைச் செய்தால் தண்டு உள்ளே அடிவால்வில் போய் மோதும், அப்சோர்பர் சீக்கிரம் எண்ணெய் கசியும். குட்டை உடல் கொண்ட அப்சோர்பருக்குத்தான் குட்டை பம்ப் ஸ்டாப்.

ஸ்பிரிங்கை வெட்டுகிறவர்களும் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது 20 சதவீதம் கடினமாகும், அப்சோர்பரின் பிடிமானமோ பழையதுதான். அதைவிட மோசம், சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தான் உட்காருகிற தட்டை விட்டுத் தளர்ந்துவிடும்; திரும்பி உட்காரும்போது இடம் மாறலாம். வெட்டாதீர்கள்.

இப்போது பலரும் தவறவிடுகிற புஷ். லோவர் ஆர்மின் உள்முனையில் இருக்கிற ரப்பர் புஷ், நடுக்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டப்பட்டது. அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். போல்ட்டை எந்த உயரத்தில் இறுக்குகிறோமோ அந்த உயரம்தான் அதற்கு ஓய்வு. ஸ்பிரிங் மாற்றும்போது ஃபோர்மேன் அந்தப் போல்ட்டைத் தொடாமல் விட்டிருந்தால், அல்லது தொட்டுவிட்டு காடி ஜாக்கில் தொங்கும்போதே இறுக்கியிருந்தால், காடி தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் ரப்பர் முறுக்கியபடியே இருக்கிறது. முறுக்கு இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி இருந்தால் உயரமும் கேம்பரும் இரண்டு பக்கமும் மாறும், காடி இழுக்கும். கொஞ்ச நாளில் ரப்பர் கிழியும். பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் பின்னால் நகர்ந்து டோ மாறும். இதற்கு மருந்து சுலபமானது. நான்கு சக்கரமும் மேடையில் நிற்கிற லிப்ட்டில் காடியை ஏற்றி, லோவர் ஆர்ம் உள்போல்ட்டுகளையும் பின்பக்க டார்ஷன் பீமின் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கிற இரும்பு) முன்போல்ட்டுகளையும் லூஸ் செய்து, காடியை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, அந்த உயரத்திலேயே கம்பெனி சொன்ன டார்க்கில் இறுக்க வேண்டும். இரண்டு தூண் லிப்ட்டில் சக்கரம் தொங்கும். அதில் இதைச் செய்தால் செய்யாததற்குச் சமம்.

இடப்பக்கம் இழுப்பதற்கு வருகிறேன். நம் சாலைகள் மழைநீர் வடிய இடப்பக்கம் சரிந்திருப்பதால் எந்தக் காடியும் இடதுபுறம் லேசாக நகரும். அதை நோய் என்று எண்ணாதீர்கள். சாலையின் சரிவு இல்லாத ஒரு சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால், முதலில் காற்று அழுத்தம், அடுத்து முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது. ஒரு திசையில் மட்டும் ஓடவேண்டிய டயராக இருந்தால் இதைச் செய்ய முடியாது. மாற்றியதும் இழுப்பு வலப்பக்கம் போனால் குற்றவாளி டயர். மாறாமல் இருந்தால் ரிப்போர்ட்டை எடுத்து இடது வலது வித்தியாசத்தைப் பாருங்கள். பச்சை என்பது கம்பெனி அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறது என்றுதான் சொல்லும். இடப்பக்கம் எல்லையின் ஒரு முனையிலும் வலப்பக்கம் மறுமுனையிலும் இருந்தால் இரண்டும் பச்சை, காடியோ இழுக்கும். கேம்பர் எந்தப் பக்கம் அதிகம் பாசிட்டிவோ அந்தப் பக்கம் இழுக்கும். காஸ்டர், அதாவது சக்கரம் திரும்புகிற அச்சு பின்னால் சாய்ந்திருக்கிற கோணம், எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். கேம்பரில் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எனக்குத் திருப்தி இருக்காது.

காஸ்டரைப் பற்றி இன்னொன்று. மைவியின் வீல்பேஸ் 2,500 மில்லிமீட்டர். முன்பக்கம் பின்பக்கத்தைவிட 20 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியிருந்தால் காஸ்டர் ஏறக்குறைய அரை டிகிரி குறையும். ஸ்டீயரிங் இலேசாகும், வளைவு முடிந்ததும் தானாக நடுவுக்குத் திரும்பும் குணம் மங்கும். மூக்கு தாழ்ந்த காடி பார்க்க அழகுதான். 110-இல் போகும்போது அந்த அழகுக்கு விலை உண்டு.

பின்பக்கம் டார்ஷன் பீம் என்பதால் அங்கே டோ, கேம்பர் இரண்டையும் திருகி மாற்ற இடமில்லை. ஆனால் அளக்கலாம், அளக்கவும் வேண்டும். பீம் லேசாகக் கோணலாக இருந்தால் பின்சக்கரங்கள் காடியை ஒரு பக்கம் தள்ளும். முன்னால் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடித்துத்தான் நேராகப் போக முடியும். முன் இரண்டு சக்கரத்தை மட்டும் பார்க்கிற கடையில் இது தெரியாது. நான்கு சக்கர எலைன்மெண்ட் கேளுங்கள், பின்பக்கம் காட்டுகிற திசைக்கு முன்பக்கத்தைப் பொருத்தச் சொல்லுங்கள்.

ஆக, எந்த வரிசையில் செய்வது? புது டயர் போட்டு, காற்று நிரப்பி, தொட்டியில் அரை அளவு பெட்ரோல் இருக்கட்டும். ஸ்பிரிங் புதிது என்றால் 300 கிலோமீட்டராவது ஓடி உட்காரட்டும். ஹப் நடுவிலிருந்து பெண்டர் விளிம்புவரை நான்கு பக்கமும் டேப்பால் அளந்து எழுதுங்கள். முன் இடதுக்கும் வலதுக்கும் 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எலைன்மெண்ட் மேடையில் ஏறாதீர்கள், முதலில் அதன் காரணத்தைத் தேடுங்கள். பிறகு புஷ். பிறகு மெஷின்: முதலில் கேம்பர், கடைசியில்தான் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறிவிடும் என்பதால் இந்த வரிசை மாறக்கூடாது. கேம்பர் சமமில்லை என்றால் ஸ்ட்ரட்டைச் சக்கரம் தாங்குகிற நக்கிளோடு பிணைக்கிற மேல்போல்ட்டுக்குப் பதிலாகக் கேம்பர் போல்ட் போடலாம், விலை அதிகமில்லை. டோவை மொத்தமாகப் பூஜ்யத்திலிருந்து 0.10 டிகிரி உள்ளே இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு டை ராட்டையும் சமமாகத் திருப்பட்டும். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். உங்கள் மைவியில் விஎஸ்சி (காடி சறுக்காமல் பிடிக்கிற கம்ப்யூட்டர்) இருக்கிறது. ஸ்டீயரிங் நேராக இருக்கும் இடத்தை அந்தக் கம்ப்யூட்டரும் சரியாக அறிந்திருக்க வேண்டும், ஆகவே எலைன்மெண்ட் முடிந்ததும் ஸ்டீயரிங் கோண சென்சாரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்களுடையது முன்கண்ணாடியில் கேமரா உள்ள வகை என்றால், உயரம் மாறியதற்கு அந்தக் கேமராவையும் சரிபார்க்க வேண்டும். மூக்கு தாழ்ந்திருந்தால் விளக்கும் கீழே பார்க்கும், திருகிச் சரிசெய்யுங்கள்.

ஹைலோ வாங்கலாமா என்றால், வாங்கலாம், எது என்று பார்த்து வாங்குங்கள். ஸ்பிரிங் உட்காருகிற தட்டை மட்டும் மேலே கீழே திருகுகிற வகையில் இறக்க இறக்க அப்சோர்பரின் ஓட்டம் குறையும். இப்போது இருக்கிற அதே தொல்லைதான். பாடிஷிஃப்ட் வகையில் அடிப்பகுதிப் பிடியே திருகி ஏறி இறங்கும், ஓட்டம் அப்படியே இருக்கும். ஆனால் எந்த ஹைலோவும் லோவர் ஆர்ம், டை ராட் கோணத்தை மாற்றாது. அதே 40-க்கு இறக்கினால் அதே பம்ப் ஸ்டீயர், அதே ரோல் சென்டர். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பாடிஷிஃப்ட் போட்டு 20 மில்லிமீட்டரில் நிறுத்துவேன். இப்போது காசு இல்லை என்றால் ஸ்டாக் ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுவிட்டுச் சேர்ப்பேன். இந்த 40-ஐ ஸ்டாக் அப்சோர்பரோடு வைத்துக்கொண்டு மூன்றாவது எலைன்மெண்டுக்குக் கொடுக்கிற காசு வீண். எதைப் போட்டாலும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) என்ன அனுமதிக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸிலும் மாற்றத்தைச் சொல்லி வையுங்கள்.

புஷ்ஷையும் உயரத்தையும் பார்த்து முடித்ததும் நான்கு பக்க உயரம், முன்சக்கரம் பின்சக்கரம் இரண்டின் எலைன்மெண்ட் எண்கள், காடியின் முன்னாலிருந்து குனிந்து எடுத்த லோவர் ஆர்ம் படம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள், தம்பி. பச்சை சிவப்பு வேண்டாம், எண்களை அப்படியே அனுப்புங்கள். கேம்பர் போல்ட் தேவையா இல்லையா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.